அடையாற்றைப் பென்சிலால் அளப்பது

ஒரகடத்திலிருந்து படப்பை வழியாக வண்டலூர் போகும் சாலையில், ஆலைச் சுவர்கள் முடிகிற இடங்களில் ஏரிக்கரைகள் தென்படும். ஐப்பசி கார்த்திகையில் அந்த ஏரிகள் நிரம்பிக் கலங்கல் தாண்டி வழியும். ஒன்றின் உபரி அடுத்ததற்குப் போகும். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து மலைப்பட்டு ஏரியின் உபரிநீர்க் கால்வாயைத்தான் அடையாற்றின் தலைப்பு என்று சொல்வது வழக்கம். மணிமங்கலம், ஆதனூர், முடிச்சூர் என்று வந்து, திருநீர்மலைப் பக்கம் செம்பரம்பாக்கம் ஏரியின் உபரியையும் சேர்த்துக்கொண்டு, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் தாண்டிக் கடலில் சேர்கிறது. மொத்த நீளம் சுமார் 42 கிலோமீட்டர்தான்.

இவ்வளவு சிறிய ஆற்றை இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஓவியர்கள் வரைந்து வருகிறார்கள். ஆனால் அவர்கள் உட்காரும் இடங்களைப் பார்த்தால் பெரும்பாலும் சைதாப்பேட்டைக்குக் கிழக்கே இருக்கும். அங்கே பாலம் உண்டு, படகு உண்டு, அகன்ற நீர்ப்பரப்பு உண்டு. படத்துக்கு வேண்டியதெல்லாம் கிடைத்துவிடுகிறது. ஆறு பிறக்கிற ஊர்களுக்கு யாரும் நோட்டுப் புத்தகத்தோடு வருவது அபூர்வம். எனக்கு அது பெரிய இழப்பாகப் படுகிறது. பென்சில் ஓவியம் என்பது ஓர் அளவைக் கருவி என்பது என் கட்சி. அந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால், அதை எங்கே கொண்டுபோய் வைக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் பென்சில். அதன் உள்ளே ஈயம் கிடையாது. இருப்பது கிராஃபைட் என்னும் கரிமம், கூடவே களிமண். கிராஃபைட்டில் கரிம அணுக்கள் அறுகோண வலைபோல் பின்னித் தகடு தகடாக அமைந்திருக்கின்றன. ஒரு தகட்டுக்குள் இருக்கும் பிணைப்பு மிக வலுவானது. தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி 0.335 நானோமீட்டர், பிடிப்போ மிகப் பலவீனம். வெற்றிலைக் கவுளியை விரலால் தள்ளினால் மேலே இருக்கும் இலைகள் நழுவுவதுபோல, பென்சிலைக் காகிதத்தில் இழுத்ததும் தகடுகள் நழுவிப் பிரிகின்றன. காகிதம் பார்வைக்கு வழவழப்பாக இருந்தாலும் உருப்பெருக்கியில் நார்க்காடு. அந்த நார்களின் மேடுகள் தகடுகளைச் சீவி எடுத்துக்கொள்கின்றன, பள்ளங்கள் வெள்ளையாகவே நின்றுவிடுகின்றன. கோடு என்று நாம் பார்ப்பது உண்மையில் ஆயிரக்கணக்கான கறுப்புப் புள்ளிகளும் இடையிடையே விட்டுப்போன வெள்ளையும்தான். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்த்ரே கைமும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் 2004இல் ஒட்டுநாடாவால் கிராஃபைட்டிலிருந்து ஒற்றைத் தகட்டைப் பிரித்தெடுத்தார்கள். அதுதான் கிராஃபீன். 2010இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பிரிகிற குணம் பென்சில் பிடித்த எல்லோருடைய கையிலும் அதற்கு முன்பே இருந்தது.

பிரெஞ்சுக்காரரான நிக்கொலா ழாக் கோந்தே 1795இல் காப்புரிமை பெற்ற முறையில்தான் இன்றும் பென்சில் செய்கிறார்கள். போர்க்காலம், இங்கிலாந்தின் பாரோடேல் சுரங்கத்துத் தூய கிராஃபைட் பிரான்சுக்கு வரவில்லை. அதனால் அவர் மட்டமான கிராஃபைட்டைப் பொடித்துக் களிமண்ணோடு பிசைந்து, குச்சியாக்கிச் சூளையில் சுட்டார். தட்டுப்பாட்டுக்குத் தேடிய வழி, சுரங்கக் கல்லைவிட மேலான ஒன்றைக் கொடுத்துவிட்டது. களிமண் கூடினால் குச்சி கடினமாகி வெளிர்கோடு தரும், அது ‘எச்’ வரிசை. கிராஃபைட் கூடினால் மென்மையாகிக் கறுப்பு ஏறும், அது ‘பி’ வரிசை. பள்ளிக்கூடத்து ‘எச்பி’ நடுவில் நிற்கிறது. ஓவியர் பையில் பெரும்பாலும் 2எச், எச்பி, 2பி, 6பி என்று நான்கு இருந்தால் ஆற்றங்கரைக்குப் போதும்.

இந்தக் கனிமம் நமக்குத் தூரத்துப் பொருளும் அல்ல. சிவகங்கை மாவட்டத்தில் தமிழ்நாடு கனிம நிறுவனம் செதில் கிராஃபைட்டை வெட்டி எடுத்துச் சுத்திகரிக்கிறது. இலங்கையின் போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் பாறைப் பிளவுகளில் நரம்பாக ஓடும் கிராஃபைட் உலகிலேயே தூய்மைக்குப் பேர்போனது. அதே கிராஃபைட்தான் மின்சாரக் காரின் லித்தியம் மின்கலத்தில் எதிர்மின்வாயாக இருக்கிறது. அப்படிப்பட்ட மின்கலத்தில் லித்தியத்தின் எடையைவிடக் கிராஃபைட்டின் எடை அதிகம். 1998 முதல் கார் செய்துவரும் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து இப்போது மின்சாரக் கார்களும் வெளிவருகின்றன. தொழிற்சாலை வேலைக்குப் போகிறவர் சட்டைப் பையில் செருகியிருக்கும் பென்சிலிலும், அவர் பூட்டும் வண்டியின் அடித்தளத்திலும் இருப்பது ஒரே பொருள்.

கிராஃபைட் கோட்டுக்கு இன்னொரு குணம் உண்டு, ஆவணம் என்ற கோணத்தில் அதுதான் முக்கியமானது. அது வெளிச்சத்தில் மங்காது. பல நீர்வண்ணங்கள் சில பத்தாண்டுகளில் வெளுத்துவிடும், சில மைகள் பழுப்பாகிவிடும். கரிமமோ காற்றோடும் ஒளியோடும் எளிதில் வினைபுரிவதில்லை. உள்ளங்கை பட்டுத் தேய்ந்தால் கலங்கும், அவ்வளவே. 1792இல் இழுத்த பென்சில் கோடு இன்றும் படிக்கக் கிடைப்பது அதனால்தான்.

அந்த ஆண்டை எடுத்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தாமஸ் டேனியல் என்ற ஆங்கில ஓவியரும் அவருடைய சகோதரர் மகன் வில்லியம் டேனியலும் கல்கத்தாவிலிருந்து 1792இல் மதராசுக்கு வந்தார்கள். தாமசுக்கு நாற்பது தாண்டியிருந்தது, வில்லியம் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர். மைசூர்ப் போர் நடந்த மலைக்கோட்டைகள், மதுரை, தஞ்சாவூர், கன்னியாகுமரி என்று சுற்றி வரைந்துவிட்டு மதராசுக்குத் திரும்பி, 1793 தொடக்கத்தில் பம்பாய்க்குக் கிளம்பினார்கள். பின்னர் லண்டனில் 1795 முதல் 1808 வரை ‘ஓரியண்டல் சீனரி’ என்ற பெயரில் 144 அச்சுப் படங்கள் வெளியிட்டார்கள். அதன் இரண்டாம் தொகுதியில் ஒரு படத்தின் தலைப்பு: மதராசில் புனித தோமையார் மலைக்கு அருகே உள்ள ஆர்மீனியப் பாலம். அதாவது அடையாற்றின் மேல் சைதாப்பேட்டைப் பாலம்.

பாலத்தைக் கட்டியவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். 1726இல் சொந்தப் பணத்தில் கட்டினார், பிற்காலப் பராமரிப்புக்கும் தனியாக நிதி வைத்தார். தோமையார் மலைக்கு ஏறும் படிகளுக்கும் அவரே செலவு செய்தார். மர்மலாங் பாலம் என்று வழங்கிய அந்தக் கட்டுமானம் இன்று இல்லை. 1960களில் அதன் இடத்தில் புதிய பாலம் வந்து, மறைமலை அடிகள் பெயர் பெற்றது. ஆக, அந்த வளைவுகள் எவ்வளவு தாழ்வாக நின்றன, ஆற்றுப் படுகை அன்று எவ்வளவு அகலம் விரிந்தது என்று கேட்டால், டேனியல்களின் கோடு நமக்குப் பெரிய சாட்சி.

சாட்சியை எவ்வளவு நம்பலாம்? இங்கேதான் கருவிகள் வருகின்றன. டேனியல்கள் காமிரா அப்ஸ்க்யூரா என்ற இருட்டுப் பெட்டியைப் பயணத்தில் கொண்டுபோனார்கள். எதிரே உள்ள காட்சி ஒரு வில்லை வழியாகப் பெட்டிக்குள் வந்து, சாய்ந்த கண்ணாடியில் பட்டுத் திரும்பிக் காகிதத்தின் மேல் விழும். விழுந்த பிம்பத்தின் விளிம்புகளைப் பென்சிலால் ஒற்றி எடுக்கலாம். ஒளிப்படம் பிறந்ததாக உலகம் அறிந்த 1839க்குப் பல பத்தாண்டுகள் முந்தைய ஏற்பாடு இது. பாலத்தின் நீளத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம், தூணுக்கும் தூணுக்கும் உள்ள இடைவெளி போன்றவற்றில் இந்தப் பெட்டி அதிகம் தவறாது. ஆனால் அச்சுப் படம் வேறு. லண்டனில் செப்புத் தகட்டின் மேல் குங்கிலியப் பொடி தூவி, அமிலத்தில் அரித்து, அச்செடுத்து, கையால் வண்ணம் பூசிய அக்குவாடிண்ட் அது. மேகமும் முன்னால் நிற்கும் மனிதர்களும் மேசை முன் உட்கார்ந்து சேர்க்கக்கூடியவை. எனவே கட்டடத்தின் கோடுகளை நான் நம்புவேன், வானத்தை அவ்வளவாக நம்பமாட்டேன். ஆற்றின் அளவு வேண்டுமென்றால் அச்சுப் பிரதியைவிட, நேரில் நின்று போட்ட பென்சில் வரைவே மேல்.

இருட்டுப் பெட்டி இல்லாதவர் என்ன செய்வார்? கையை நீட்டிப் பென்சிலை நிமிர்த்திப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை நகர்த்தி அளப்பார். கவின்கலைக் கல்லூரி மாணவர்கள் வகுப்பின் தொடக்க நாட்களிலேயே பழகுகிற வித்தை இது. பின்னால் உள்ள கணக்கு எளிது. கண்ணிலிருந்து நீட்டிய கைக்குச் சுமார் 60 சென்டிமீட்டர் என்று வையுங்கள். அப்போது பென்சிலில் 1 சென்டிமீட்டர் மறைப்பது, பொருள் இருக்கும் தூரத்தில் அறுபதில் ஒரு பங்கு. 300 மீட்டர் தள்ளி நிற்கும் பாலத்தூண் பென்சிலில் 2 சென்டிமீட்டர் தெரிந்தால் அதன் உயரம் 10 மீட்டர். முழங்கை மடங்காமல் இருப்பதுதான் இதில் ஒரே ஒழுக்கம். மடங்கினால் அளவுகோலே மாறிவிடும். படகு, தூண், எதிர்க்கரைத் தென்னை என்று மூன்றையும் ஒரே கைநீட்டலில் அளந்து வைத்துவிட்டால், படத்தின் எலும்புக்கூடு நின்றுவிட்டது.

பாலம் வரைவதில் புதியவர்கள் தடுமாறுவது வளைவில். நேர் எதிரே நின்றால் வளைவு அரைவட்டம். பக்கவாட்டில் நின்றால் அது நசுங்கி நீள்வட்டத் துண்டாகும். தூரம் போகப் போக இன்னும் ஒடுங்கும். வளைவின் அடிப்புறத் தடிமன் அருகில் உள்ளதில் அகலமாகவும் தொலைவில் உள்ளதில் மெலிந்தும் தெரியும். பழைய எல்ஃபின்ஸ்டன் பாலம் இதைப் பழக நல்ல இடம். 1840இல் கட்டியது, 1973இல் பக்கத்தில் திரு.வி.க. பாலம் வந்தபின் ஓய்வு பெற்றது. பழையதன் வளைவும் புதியதன் நேர்க்கோடும் ஒரே பார்வையில் கிடைக்கின்றன. இன்னும் கிழக்கே, கழிமுகத்தில், 1967இல் கட்டி 1977இல் இடிந்த உடைந்த பாலம் நிற்கிறது. சென்னையின் இளம் ஓவியர்கள் அதை விரும்பி வரைவதைப் பார்த்திருக்கிறேன். முடியாமல் நிற்கும் நேர்க்கோடு கண்ணை வெற்றிடத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறது, அது வரைகிறவருக்குப் பெரிய பரிசு.

படகு பாலத்தைவிடக் கடினம். பாலத்தில் நேர்க்கோடு உதவிக்கு வரும், படகில் ஒரு கோடும் நேராக இல்லை. ஓவிய ஆசிரியர்கள் சொல்லித்தரும் வழி, படுத்த எட்டு வடிவம் ஒன்றை மெல்லிசாகப் போட்டு அதிலிருந்து படகின் மேல்விளிம்பைப் பிடிப்பது. எட்டின் இரு வளையங்களும் சந்திக்கும் இடத்தில் விளிம்புக் கோடு திரும்புகிறது. வரைகிற படகு எப்படிக் கட்டப்பட்டது என்று தெரிந்தால் கை இன்னும் நிதானமாகும். கட்டுமரத்துக்கு உள்வயிறு கிடையாது. மரத்துண்டுகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டியது, தண்ணீர் ஊடே ஏறி இறங்கும். ஆகவே நீர்க்கோடு மரத்தின் மேலேயே கிடக்கும். துறைமுகம் இல்லாத காலத்து மதராசில் கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஓடிய மசூலாப் படகில் ஆணியே இல்லை, பலகைகளைக் கயிற்றால் தைத்திருந்தார்கள். அலை மோதும்போது விறைத்து உடையாமல் நெளிந்து கொடுக்கத்தான் அந்தத் தையல். அதனால் அதன் பக்கங்கள் உயர்ந்து உப்பியிருக்கும். 1867இல் தொடங்கிய மெட்ராஸ் போட் கிளப்பின் துடுப்புப் படகோ ஊசி மாதிரி மெலிந்தது. இப்போது கழிமுகத்தில் அதிகம் தெரிவது கண்ணாடி இழைப் படகுகள், மூக்கு தூக்கி நிற்பவை. நான்குக்கும் நான்கு விதக் கோடு.

இனி தண்ணீர். என்னைக் கேட்டால் இந்தக் கலையில் மிகச் சுவையான பகுதி இதுதான்.

தண்ணீருக்கென்று தனி நிறம் வரைய முடியாது, அது காட்டுவதைத்தான் வரைய வேண்டும். எவ்வளவு காட்டும் என்பது பார்க்கும் கோணத்தைப் பொறுத்தது. காலடியில் நேர் கீழே குனிந்து பார்த்தால் தண்ணீர் ஒளியில் 2 சதவீதம்தான் திருப்பி அனுப்புகிறது. மீதி உள்ளே போய்விடுகிறது. அதனால்தான் கரையோரம் சேறும் பாசியும் கண்ணுக்குப் படுகின்றன. செங்குத்துக்கோட்டிலிருந்து 60 பாகை சாய்ந்த பார்வைக்குச் சுமார் 6 சதவீதம். 80 பாகைக்கு ஏறக்குறைய 35 சதவீதம். பார்வை நீர்மட்டத்தை ஒட்டிச் சரியச் சரிய அது கண்ணாடியாகவே ஆகிவிடும். ஆக, எதிர்க்கரை ஓரத்துத் தண்ணீர் வானத்தின் வெளிச்சத்தில் காகித வெள்ளையாக இருக்கும், நம் பக்கத்துத் தண்ணீர் இருண்டிருக்கும். பயிற்சி இல்லாத கை முழு ஆற்றையும் ஒரே சாம்பலாகத் தீட்டிவிடும். அப்படித் தீட்டிய ஆறு படுத்திருக்காமல் சுவர்போல நிமிர்ந்து நிற்பதாகத் தோன்றும்.

பிரதிபலிப்பைப் பாலத்தின் தலைகீழ் நகல் என்று நினைத்து வரைந்தாலும் பிழைதான். தண்ணீர் தனக்குக் கீழே இருந்து மேல்நோக்கிப் பார்க்கிறது. நம் கண்ணுக்குத் தெரியாத பாலத்தின் அடிவயிறு அங்கே தெரியும். நமக்குத் தெரிகிற மேல்தளம் தெரியாது. நிறத்திலும் ஒரு வழக்கம் உண்டு: வெளிச்சமான பொருளின் நிழலுரு சற்று மங்கும், இருண்ட பொருளின் நிழலுரு சற்று வெளிறும். முதலாவதற்குக் காரணம், தண்ணீர் முழு ஒளியையும் திருப்பாதது. இரண்டாவதற்குக் காரணம், தண்ணீரில் மிதக்கும் வண்டலும் அழுக்கும் தாங்கள் சிதறடிக்கும் ஒளியைச் சேர்ப்பது. தெளிந்த ஏரியில் இந்த வெளிறல் குறைவு, கலங்கிய ஆற்றில் அதிகம். உண்மையாகப் பார்த்துத் தீட்டிய பென்சில் படத்தில், தூணின் நிழலுரு எவ்வளவு வெளிறியிருக்கிறது என்பதை வைத்து அன்றைய தண்ணீர் எவ்வளவு கலங்கல் என்று ஊகிக்கலாம். இதைச் செய்வதற்குப் பென்சிலைக் கிடையாகச் சாய்த்து, பிளேடால் நீளமாகச் சீவிய முனையின் பக்கவாட்டால் மேலிருந்து கீழாக இழுப்பார்கள். பிறகு ரப்பரின் விளிம்பால் குறுக்கே இரண்டு மூன்று கீற்று எடுத்தால் காற்று வீசிவிடும்.

கிராஃபைட்டுக்குக் குறையும் உண்டு. அழுத்தித் தேய்க்கத் தேய்க்கச் செதில்கள் காகிதத்தோடு படிந்து பளபளக்கத் தொடங்கும், கறுக்க வேண்டிய இடம் சாம்பல் மினுக்காக நிற்கும். படகின் அடிநிழல் போன்ற ஆழ்ந்த கறுப்புக்குச் சிலர் கரிக்கோல் எடுப்பார்கள். எனக்கு அது இல்லாமல் சமாளித்த படங்கள் பிடிக்கும். சுற்றியுள்ளதை வெளிறவிட்டால் 6பியின் சாம்பலே கறுப்பாகத் தெரியும். கடலோர ஈரக்காற்று இன்னொரு இடையூறு. காகிதம் நமுத்து மெத்தென்றாகிவிட்டால் கூர்முனை கோடு போடாமல் உழும். காலை வெயில் ஏறியபின் உட்காருவது நல்லது.

இப்போது மேற்கே திரும்புவோம். 2015 டிசம்பர் முதல் நாள் இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்தார்கள். அதோடு முடிச்சூர், வரதராஜபுரம் பக்கத்து ஏரிகளின் உபரியும் சேர்ந்து அடையாறு ஊர்களுக்குள் புகுந்தது. அந்த இரவுக்குப் பின் மேல் அடையாறு மாறிக்கொண்டே இருக்கிறது. அகலப்படுத்துகிறார்கள், கரை உயர்த்துகிறார்கள், கான்கிரீட் சுவர் எழுப்புகிறார்கள், ஒரத்தூரில் புதிய நீர்த்தேக்கம் அமைக்கிறார்கள். செயற்கைக்கோள் படத்தில் இவை எல்லாம் மேலிருந்து தெரியும். கரையில் நிற்பவரின் கண்மட்டத்தில் அந்த இடம் எப்படி இருந்தது, எந்த மதகின் எத்தனையாவது படி வரை தண்ணீர் நின்றது, கலங்கலுக்கு அப்பால் கோரை எவ்வளவு தூரம் போயிற்று என்பது மேலிருந்து தெரியாது. கைபேசிப் படம் எடுத்தால் போதாதா என்பார்கள். எடுக்கட்டும். ஆனால் கைபேசியின் அகன்ற வில்லை ஆற்றைத் தள்ளிவைத்துச் சுருக்கிவிடும், எல்லாவற்றையும் ஒரே கூர்மையில் காட்டும். ஒரு மணி நேரம் உட்கார்ந்து வரைகிறவர், ஓட்டம் எந்தப் பக்கம் சுழிக்கிறது என்பதைப் பார்க்காமல் எழ முடியாது.

மணிமங்கலம் தொடங்குவதற்கு நல்ல ஊர். ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் நரசிம்மவர்மன் சாளுக்கியன் புலிகேசியை எதிர்த்து வென்ற போர்க்களங்களில் ஒன்று அது, ஏரியும் பெரியது. பாலத்துக்குப் பதில் அங்கே மதகும் கலங்கலும் உண்டு. தண்ணீர் வழியும் கலங்கலை வரைவது வளைவுப் பாலத்துக்குச் சமமான பயிற்சி: மேலே கண்ணாடி, விளிம்பில் வளைந்த ஒளி, கீழே நுரையின் வெள்ளை. வெள்ளையைத் தீட்ட வழியில்லை, சுற்றிலும் தீட்டி அதை விட்டுவைக்க வேண்டும். படகு இல்லையே என்று தயங்க வேண்டாம். வலை வீசப் போகிறவர் ஏறிப்போகும் மிதவை எதுவானாலும், கட்டுமரத்துக்குச் சொன்ன அதே நீர்க்கோட்டு விதிதான்.

கார்த்திகை மாதத்தில் மழை விட்ட ஒரு காலை, 2பி ஒன்று, 6பி ஒன்று, கையடக்கப் புத்தகம் போதும். நிலையான ஒரு பொருளைத் தேர்ந்து எல்லா அளவையும் அதிலிருந்து தொடங்குங்கள். மதகின் கல்தூண் சிறந்தது, ஏனென்றால் அதன் உயரத்தைப் பிறகு நாடா வைத்தே அளந்து பார்க்கலாம். தண்ணீர் தொடும் இடத்தில் ஒரு சின்னக் குறுக்குக்கோடு போட்டு அம்புக்குறி வையுங்கள். ஓரத்தில் தேதி, நேரம், நின்ற இடம், பார்த்த திசை. அடுத்த ஆண்டும் அதே கல்லில் உட்கார்ந்து அதே பென்சிலால் அதே தூணை வரையுங்கள்.